இலையைப் பாருங்கள்: மஞ்சள் கரிசலாங்கண்ணி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மஞ்சள் பூவைப் பற்றியவை. அதனால் வழக்கம்போல் பல செடிகளுக்குத் தாவாமல், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறோம்.

நாற்றுப் பண்ணையில் ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று சொல்லி 40 ரூபாய்க்கு ஒரு தொட்டி வாங்கி வந்தேன். ஒரே மழைக்காலத்தில் தொட்டியை விட்டு இறங்கி, சுற்றுச்சுவர் ஓரம் முழுக்கப் படர்ந்துவிட்டது. பூ பார்க்க அழகாக இருக்கிறது. இலை மட்டும் மூன்று முனையாகப் பிரிந்த மாதிரி தெரிகிறது. இதைப் பறித்துக் கீரையாகச் சமைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

சமைக்க வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் அந்த மூன்று முனை இலையே விடை. உங்கள் வீட்டில் படர்ந்திருப்பது நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. சிங்கப்பூர் டெய்சி என்று உலகம் முழுக்க அலங்காரத்துக்காக விற்கப்படும் கொடி. பெயரில் சிங்கப்பூர் இருந்தாலும் அதன் சொந்த ஊர் மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையும், கரீபியன் தீவுகளும்தான். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று.

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். அதனால்தான் பூவை மட்டும் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். இரண்டிலும் பூ நீண்ட காம்பின் நுனியில் தனித்தனியாக நிற்கும். இரண்டிலும் இதழ் நுனியில் இரண்டு மூன்று சிறு வெட்டு இருக்கும். சிங்கப்பூர் டெய்சியின் மஞ்சள் சற்று ஆரஞ்சு கலந்து அடர்த்தியாக இருக்கும் என்றாலும், வெயிலுக்கும் பூவின் வயதுக்கும் ஏற்ப அது மாறும். நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

இலைக்கு வாருங்கள். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டது. 3 முதல் 8 செ.மீ. நீளம் இருந்தால் அகலம் 1 முதல் 2 செ.மீ. தான். அதாவது நீளம் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. விளிம்பு ஒரே ஓட்டமாகப் போகும். உற்றுப் பார்த்தால் பக்கத்துக்கு ஒன்றிரண்டு சின்னப் பற்கள் தெரியலாம், அவ்வளவுதான். சிங்கப்பூர் டெய்சியின் இலை அகலமானது, தடித்தது, எண்ணெய் பூசினாற்போல் பளபளப்பது. இலையின் நடுவுக்கு மேலே இடமும் வலமும் ஒவ்வொரு மடல் பிரிந்து, மொத்த இலையும் சூலம் போல நிற்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நிழலில் வளரும் கொடியிலும் இளங்கொழுந்திலும் சிங்கப்பூர் டெய்சிக்கு மடல் சரியாகப் பிரியாது. ஒரே ஒரு இலையைப் பறித்துப் பார்த்துவிட்டு ‘மடல் இல்லை, அப்படியானால் மூலிகைதான்’ என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கொடியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்து இலை பறித்து வரிசையாக வையுங்கள். அதில் இரண்டு மூன்றாவது சூலமாக இருந்தால் அது சிங்கப்பூர் டெய்சி. பத்தும் குறுகி நீண்டு, ஒன்றில்கூட மடல் இல்லாமல் இருந்தால் மட்டும் அடுத்த சோதனை.

அந்தச் சோதனை விரலால் செய்வது. இலையை நுனியிலிருந்து காம்பை நோக்கி வருடுங்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இரு பக்கமும் குட்டையான வெள்ளை முடிகள் நுனியை நோக்கிப் படிந்திருக்கும். எதிர்ப்பக்கமாக வருடும்போது மெல்லிய உப்புத்தாளைத் தொட்ட மாதிரி சொரசொரக்கும். சிங்கப்பூர் டெய்சியிலும் முடி ஓரளவு உண்டு என்பதால் இது துணைச் சான்று மட்டுமே. வடிவம்தான் முதல் சான்று.

சமைக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் சந்தேகம் மட்டும் இல்லை. சிங்கப்பூர் டெய்சியில் ஐவாலின் என்ற நச்சுப்பொருள் இருப்பது அறியப்பட்டிருக்கிறது. இதை மேய்ந்த கால்நடைகளுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதாகவும் பதிவுகள் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அறுத்துப் போடாதீர்கள்.

எங்கள் நெல் வயல் வரப்பில், வாய்க்கால் ஓரமாக, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடி மஞ்சளாகப் பூக்கிறது. பக்கத்து வயல்காரர் களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார். அது கரிசலாங்கண்ணியாக இருந்தால் விட்டுவைக்கலாம் என்று நினைக்கிறேன். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

விட்டுவைக்க நினைத்தீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் இடம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குப் பிடித்தமான இடம். வரப்பு, வாய்க்கால் கரை, குளத்து ஓரம், கடலோர ஈர நிலம் ஆகியவை அதன் சொந்த வீடு. தண்டின் அடிப்பகுதி தரையில் படுத்துக் கணுவுக்குக் கணு வேர் விடும். நுனி மட்டும் ஒரு சாண், இரண்டு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். ஈரம் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும்.

ஆனால் அதே வரப்பில் இன்னொரு மஞ்சள் பூவும் இருக்கும்: நீர்க்கிராம்பு. அதையும் இதையும் பிரிக்க இதழை எண்ணினாலே போதும். நீர்க்கிராம்பில் நான்கு இதழ், அதற்குக் கீழே கிராம்பு போல நீண்ட காய். தொட்டால் இதழ் உதிரும். மஞ்சள் கரிசலாங்கண்ணியில் எட்டு முதல் பன்னிரண்டு இதழ் போலச் சுற்றிலும் நிற்கும். நடுவில் மஞ்சள் பொட்டு. பூ ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுக் கூடுதல் அகலம். மூன்றாவதாக வெட்டுக்காயப் பூண்டு. பிள்ளைகள் தாத்தாப்பூ என்று தலையைச் சுண்டி விளையாடுவார்களே, அதுதான். அதன் பொட்டு மஞ்சள், சுற்றிதழ் வெளிர் வெள்ளை. காம்பு ஒரு சாண் நீளம். முற்றியதும் பஞ்சு பறக்கும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் முழுக்க நிறைந்துவிட்ட செடி.

இலை எதிரெதிராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு கணுவில் இரண்டு இலை நேருக்கு நேர் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் அது நம் செடிதான். வரப்பைப் பிடித்து மண் அரிக்காமல் காக்கும். நெல்லுக்குள் அது இறங்கினால் கையால் பிடுங்கினால் போதும்; அகல இலைக் களைகளுக்கு அடிக்கும் மருந்து வரப்பில் பட்டால் முதலில் போவது இதுதான். மருந்து அடித்த வயலின் வரப்பிலிருந்து அந்தப் போகத்தில் கீரைக்குப் பறிக்காதீர்கள்.

ஆவாரையும் மஞ்சள், நெருஞ்சியும் மஞ்சள். ஒரு பூ சூரியகாந்திக் குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தாவரவியல் முதலாண்டு படிக்கிறேன்.
– மாணவி, மதுரை

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுவதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. இந்தக் குடும்பத்தில் நாம் ‘ஒரு பூ’ என்று சொல்வது ஒரு பூவே இல்லை. பல பூக்கள் ஒரே மேடையில் நெருங்கி உட்கார்ந்த கூட்டம். பாடநூலில் தலை மஞ்சரி என்று படித்திருப்பீர்கள். ஒரு மஞ்சள் கரிசலாங்கண்ணிப் பூவைப் பறித்து, வெள்ளைத்தாளின் மேல் வைத்து, சவரக் கத்தி அலகால் உச்சியிலிருந்து காம்பு வரை நேராக இரண்டாகப் பிளந்து பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு இருந்தால் நல்லது.

முதலில் அடிப்பகுதி. பச்சையாக இலை போன்ற செதில்கள் கிண்ணம் போலச் சூழ்ந்திருக்கும். புல்லி இதழ் என்று நினைத்துவிடுவோம், ஆனால் இவை கூட்டம் முழுவதற்குமான வேலி. அதற்குள் சற்று மேடான தளம். தளத்தின் ஓரத்தில் ஓர் ‘இதழை’ ஊசியால் பிடித்து மெல்லப் பெயர்த்து எடுங்கள். அது தனியாக வராது. அடியில் ஒரு குட்டிக் குழலும், குழலுக்குள்ளிருந்து இரண்டாகப் பிளந்த சூல்முடியும், கீழே ஒரு சூலகமும் சேர்ந்து வரும். ஆக, அந்த ஒற்றை இதழே ஒரு முழுப் பெண் பூ. இதைக் கதிர் மலர் என்பார்கள்.

நடுப்பொட்டில் ஊசியை விட்டால் ஐந்து முனை கொண்ட குட்டிக் குழல்கள் ஒவ்வொன்றாக வரும். இவை வட்டத்தட்டு மலர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தவை. ஐந்து மகரந்தப் பைகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாகி இருக்கும். சூல்தண்டு அந்தக் குழாய்க்குள் கீழிருந்து மேலே வளரும்போது, துப்பாக்கியைத் துடைக்கும் கோல் போல மகரந்தத்தை வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஓரத்தில் இருப்பவை முதலில் விரியும், நடுவில் இருப்பவை கடைசியில். அதனால் ஒரே தலையில் மொட்டும் மலரும் வாடியதும் சேர்ந்தே கிடைக்கும். பரிசோதனைக்கு ஓரம் விரிந்து நடு மொட்டாக இருக்கும் தலையைத் தேர்ந்தெடுங்கள். முற்றிலும் விரிந்துவிட்ட தலையில் மகரந்தம் தேனீக்களுக்குப் போய்விட்டிருக்கும்.

ஆவாரையில் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஐந்து தனி இதழ், பத்து மகரந்தத்தாள், நடுவில் பின்னால் பட்டையான காயாகப் போகும் ஒரே சூலகம். ஒரே பூ. நெருஞ்சியிலும் ஐந்து இதழுக்கு நடுவில் முள் காயாகும் ஒரே சூலகம். வேறுபாடு அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் வளவில் வெள்ளைப் பூக் கையாந்தகரை நிறைய உண்டு. மஞ்சள் பூ உள்ளதும் அதே செடியின் இன்னொரு வகை என்கிறார்கள். சரியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பெயரில் மட்டும்தான் உறவு. வெள்ளைக் கரிசலாங்கண்ணி எக்லிப்டா பேரினம். மஞ்சள் பூப்பது ஸ்பாக்னெட்டிகோலா பேரினம். குடும்பம் ஒன்று, செடி வேறு. சித்த வழக்கில் மஞ்சளுக்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று பெயர். பொன் போன்ற தலை. பூவைக் கூட்டமாக, தலையாகப் பார்த்து வைத்த பெயர் இது. சிங்களத்திலும் வெள்ளைக்குக் கீகிரிந்திய, மஞ்சளுக்கு ரன்வன் கீகிரிந்திய. அங்கேயும் பொன்தான் முன்னால் நிற்கிறது.

வெள்ளையின் தண்டையோ இலையையோ விரலில் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும். அது வெள்ளைக்கு நல்ல அடையாளம். அதையே மஞ்சளுக்கும் சோதனையாக வைக்காதீர்கள்.

இரண்டுக்கும் இடையே உண்மையான பொதுத்தன்மை ஒன்று உண்டு. வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. கல்லீரல் மருந்து ஆய்வுகளில் இன்று அடிபடும் அந்தப் பெயர், மஞ்சள் கரிசலாங்கண்ணியின் பழைய தாவரப் பெயரான வெடெலியாவிலிருந்து வந்தது. அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து 1956இல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் பணியாற்றியவர்களும். நம் வரப்புச் செடி உலக வேதியியலுக்குக் கொடுத்த பெயர் அது.

செல்பேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டால் ஒருமுறை வெடெலியா சைனென்சிஸ் என்கிறது, இன்னொருமுறை ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா என்கிறது, மூன்றாவது முறை ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்கிறது. எது சரி?
– வாசகர், சென்னை

முதல் இரண்டும் ஒரே செடி: நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி. லின்னேயஸ் 1753இல் வெர்பெசினா கலெண்டுலேசியா என்று பெயரிட்டார். பிறகு நீண்ட காலம் வெடெலியா பேரினத்தில் இருந்தது. 1996இல் புருஸ்கி என்ற தாவரவியலாளர் அதை ஸ்பாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார். பழைய மூலிகை நூல்களும் மருந்துப் புட்டிகளும் இன்றும் வெடெலியா என்றே போடுகின்றன, தவறில்லை.

மூன்றாவது பெயர் வேறு செடி. டிரைலோபேட்டா என்றால் மூன்று மடல் கொண்டது. அதுதான் சிங்கப்பூர் டெய்சி. செயலி தடுமாறுவதற்குக் காரணம், நீங்கள் பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்திருப்பீர்கள். இலையோடு எடுங்கள்.

கொடைக்கானல் மலைப்பாதையில் ஆளுயரத்துக்கு மேல் புதராக, உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும் மஞ்சள் பூ நம் காட்டுப் பூவா?
– வாசகி, திண்டுக்கல்

இல்லை. அது மெக்சிகோ சூரியகாந்தி, டித்தோனியா. இலை மூன்று முதல் ஐந்து மடலாகப் பிரிந்து கையளவு இருக்கும். தோட்டங்களிலிருந்து தப்பி மலைச்சரிவெங்கும் பரவியது. அதன் விதையை ஊருக்குக் கொண்டுவராதீர்கள்.

வேதாரண்யம் கடற்கரை மணலில் ஓடுகொடியாகப் படரும் ஒரு மஞ்சள் பூ. கிள்ளினால் பால் வருகிறது. இதுவும் கரிசலாங்கண்ணியா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பால் வந்தால் கரிசலாங்கண்ணி இல்லை. நீங்கள் பார்த்தது எழுத்தாணிப்பூண்டு, லௌனேயா சார்மெண்டோசா. இதுவும் நம் மண்ணின் செடி, இதே குடும்பம், ஆனால் வேறு கிளை. அதன் தலையில் நடுப்பொட்டு கிடையாது. எல்லாமே நாக்கு வடிவ மலர்கள். இலைகள் ரோஜா அடுக்கு போலத் தரையோடு ஒட்டி, ஓடுகொடியால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். மணல்மேட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் செடி என்பதால் வேரோடு பிடுங்க வேண்டாம்.

சிங்கப்பூர் டெய்சியை அகற்ற இரண்டு முறை புல்வெட்டும் இயந்திரம் ஓட்டிவிட்டோம். முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. ஏன்?
– குடியிருப்போர் நலச் சங்கத்தார், கோவை

நீங்கள் அதை வெட்டவில்லை, நட்டிருக்கிறீர்கள். இது விதையால் பரவுவது மிகக் குறைவு, தண்டால்தான் பரவுகிறது. ஒரு கணு உள்ள துண்டு ஈர மண்ணில் விழுந்தால் போதும், வேர் விட்டுவிடும். இயந்திரம் ஒரு கொடியை ஐம்பது துண்டாக்கி இடமெங்கும் வீசிவிட்டது.

கையால்தான் எடுக்க வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, பரப்பின் ஓரத்தில் தொடங்குங்கள். நடுவிலிருந்து இழுத்தால் கொடி அறுந்து கணுக்கள் மண்ணிலேயே தங்கிவிடும். ஓரத்திலிருந்து பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே, ஒவ்வொரு கணுவின் வேரையும் களைக்கொத்தால் நெம்பிக்கொண்டு போங்கள். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள், முளைக்கும். வாய்க்காலில் எறிந்தால் தண்ணீர் போகும் ஊரெல்லாம் உங்கள் செடி போகும். சிமெண்ட் தளத்தில் பரப்பி, கையில் நொறுங்கும் அளவுக்குக் காய வையுங்கள். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தைச் சுற்றிவந்து, தப்பித்த துளிர்களை எடுங்கள். நான்கைந்து சுற்று தேவைப்படும். முதல் சுற்றோடு நிறுத்திவிடுவதால்தான் பலருக்கும் தோல்வி. காலியான இடத்தை வெறுமனே விடாமல் அருகம்புல்லோ வல்லாரையோ உடனே நட்டுவிடுங்கள்.

உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒரு கைப்பிடி கிடைத்திருக்கிறது. மாடியில் தொட்டியில் வளர்க்க முடியுமா?
– வாசகி, திருச்சி

தாராளமாக. பூக்காத, முற்றிய தண்டை 10 முதல் 12 செ.மீ. நீளத்துக்கு, மூன்று கணு வருமாறு வெட்டுங்கள். கீழ் இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்த இரண்டும் மண்ணுக்குள் போகும்படி சாய்வாக நடுங்கள். ஆழத் தொட்டி தேவையில்லை. ஒரு சாண் ஆழமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியே பொருத்தம், ஏனென்றால் இது பக்கவாட்டில் போகும் செடி. இரண்டு பங்கு வண்டல் அல்லது செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணல். முதல் பத்து நாள் அரை நிழல். மண் காயவே கூடாது. துளிர் கிளம்பியதும் அரை நாள் வெயிலாவது படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

பூக்கவில்லை, தண்டு மெலிந்து நீள்கிறது என்றால் வெயில் போதவில்லை. இலை ஓரம் கருகினால் தண்ணீர் போதவில்லை. கோடையில் தொட்டியின் கீழ் ஒரு தட்டில் நீர் வைக்கலாம். அறுக்கும்போது தரையிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வேர் நெருங்கிவிடும், பிரித்து நடுங்கள். அதே மாடியில் சிங்கப்பூர் டெய்சி வைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றாக வளரும் தென் சீனாவின் குவாங்தோங் பகுதியில் இவற்றின் கலப்பினம் இயற்கையாகவே கண்டறியப்பட்டிருக்கிறது.

கல்லீரல் நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தாக உண்ண வேண்டாம்.

சந்தேகமான செடியை உறுதி செய்ய யாரிடம் காட்டுவது, எப்படி அனுப்புவது?
– ஆசிரியர், விழுப்புரம்

கோவையிலுள்ள இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகமும் தமிழகத் தாவரங்களுக்கு நம்பகமான இடங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பூவும் இலையும் கணுவேரும் சேர்ந்த ஒரு முழுத் தண்டு வேண்டும். செய்தித்தாளின் நடுவில் வைத்து, ஒரு இலையை மட்டும் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, மேலும் கீழும் ஐந்தாறு தாள் அடுக்கி, கனமான புத்தகங்களால் அழுத்துங்கள். முதல் ஐந்து நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். பத்து நாளில் அட்டை போல விறைத்துவிடும். கூடவே ஒரு சீட்டில் தேதி, ஊர், வரப்பா மணலா தோட்டமா என்ற இடம், செடியின் உயரம், பூ பச்சையாக இருந்தபோது இருந்த நிறம் இவற்றை எழுதுங்கள். காய்ந்தபின் மஞ்சள் மங்கிவிடும் என்பதால் நிறத்தைப் பறித்த அன்றே குறித்துவிடுங்கள்.